கால் பங்கு தாய்மாமன்

ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் எது எதற்கு அத்தை, எது எதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று முறை பிசகாமல் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரம் ரோட்டில், நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். சொந்த அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மட்டும் இன்றைக்கு மூன்று என்பார், நாளைக்கு நான்கு என்பார். அந்த அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பியை நினைத்து அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று சர்ச் புத்தகத்தில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் குருவி சார்.

நான் அங்கே லோடு எழுதும் குமாஸ்தா. ஐம்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவர் வந்தார். வந்ததே ஒரு தப்பில்தான். கம்பெனிக்கு சயின்ஸ் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்று யாரோ எங்கள் முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியார் வீட்டுப் பையன் ஒருவன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்று கேள்விப்பட்டு அண்ணாச்சி ஆள் அனுப்பிவிட்டார். பையன் படித்திருந்தது விலங்கியல்.

"சயின்ஸ்தான படிச்சிருக்கீக?"

"சயின்ஸ்தான் அண்ணாச்சி. ஆனா நான் படிச்சது உயிருள்ளதுகளப் பத்தி."

"வெடியும் உசுருள்ளதுதான் தம்பி. கொஞ்சம் அசந்தா அதுவும் ஓடும், பறக்கும். நாளைக்கே வந்துருங்க."

மருந்து கலக்கும் வேலையெல்லாம் அனுபவப்பட்ட போர்மேன் கையில் இருந்தது. குருவி சார் சாம்பிளைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் குற்றம் சொல்ல முடியாதபடி செய்தார். பதினோரு மணிக்கு அது முடிந்துவிடும். அவருடைய அறை ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு. அந்தக் காட்டில் எட்டுத் தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. பதினொன்றுக்கு மேல் அவர் கம்பெனிக்கு வேலை பார்த்தாரா, குருவிகளுக்கு வேலை பார்த்தாரா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

தவிட்டுக்குருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புழுதி நிறம், அழுமூஞ்சி, ஓயாத கத்தல். கூட்டமாகவே திரியும். ஏழு தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும்போது ஒன்று மட்டும் மேல் கிளையில் பட்டினியாக உட்கார்ந்து காவல் பார்க்கும். வல்லூறு வந்தால் முதலில் அதுதான் கத்தும். கத்தினால் வல்லூறுக்கு அது இருக்குமிடம் தெரிந்துவிடும். இருந்தும் கத்தும்.

"ஏன் கத்துது? வாயப் பொத்திக்கிட்டுப் பறந்தா அது தப்பிச்சிரும்லா?" என்று குருவி சார் என்னிடம் கேட்டார், சேர்ந்த மூன்றாம் நாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்ன பாவத்துக்கு அடுத்த பல வருஷங்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது அவருக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. கூடப் படித்த ஒருவர் மதுரையில் கல்லூரியில் இருந்தார். அவர் படித்து முடித்த வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கட்டி சிவகாசி பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அதிலே பெரிய பெரிய ஆட்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் பிழைக்க வேண்டும் என்றுதான் ஒரு பிராணி தன் உயிரைப் பணயம் வைக்கிறது என்றது பழைய கட்சி. கூட்டமாவது ஒன்றாவது, சொந்தக்காரன் பிழைத்தால் தன் ரத்தத்தில் ஒரு பங்கு பிழைக்கிறது, அதற்காகத்தான் என்றது புதுக் கட்சி. குருவி சார் புதுக் கட்சி. ஒரு பத்திரிகையும் படிக்காமலே எங்கள் அண்ணாச்சி பழைய கட்சி.

தினமும் பதினோரு மணி டீயோடு விவகாரம் ஆரம்பமாகும்.

"கூடப் பெறந்ததுன்னா பாதி ரத்தம் அண்ணாச்சி. அக்கா பிள்ளைன்னா கால். சித்தப்பா மகன்னா அரைக்கால். அதுக்குத் தக்கனதான் உதவி."

அரைக்கால், அதில் பாதி வீசம் எல்லாம் அண்ணாச்சிக்குப் பிடித்த பாஷை. ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். "எங்க ஆளுக ஏவாரத்துல மூட்டைக்கு இம்புட்டுன்னு மகமை எடுத்து வச்சுப் பள்ளிக்கூடம் கட்டலையா? அங்கன படிக்கிற பிள்ளையெல்லாம் எனக்கு அரைக்காலா, வீசமா?"

"ஒரே ஆளுகதான? எங்கயாவது ஒட்டும்."

"வேத்தாளு பிள்ளைகளும்தான்யா படிக்குது! அதுக எங்கன ஒட்டுது?"

குருவி சார் டீயை ஆற்றிக்கொண்டே, யோசித்துச் சொல்கிறேன் என்பார். யோசித்துவிட்டு மறுநாள் அதையே சொல்வார்.

எட்டுக் குருவியும் ஒரே அச்சு. எது எதுவென்று தெரிந்தால்தானே சொந்தம் தெரியும்? ஒவ்வொன்றாகக் கூடை வைத்துப் பிடித்து, காலில் கலர் நூல் கட்டினார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலில் சிவப்பு நூலோடு ஒரு குருவி மூன்றாம் நம்பர் ரூம் வாசலில் வந்து உட்கார்ந்து உள்ளே முறைத்தது. கம்பெனிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பெண்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி பூசாரியைக் கூட்டிவந்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, எல்லாம் முடிந்தபிறகுதான் குருவி சார் நோட்டும் கையுமாக வந்து, "சிவப்பு நூலு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டார்.

அதைவிடப் பெரிய கூத்து, அவர் மனிதர்களுக்குச் சொந்தம் எழுத ஆரம்பித்தது. குருவியின் தாய் தகப்பனைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது, பழகிக்கொள்ள முதலில் மனிதர்களை எழுதிப் பார்க்கிறேன் என்றார். ரூம் ரூமாகப் போய், யாருக்கு யார் என்ன வேண்டும் என்று கேட்டு, பெரிய தாளில் கோடு போட்டு எழுதினார். நம் ஊரில் மாமன் மகளைக் கட்டுவதும் அக்கா மகளைக் கட்டுவதும் சகஜமா, கோடுகள் போன இடத்துக்கே திரும்பி வந்தன. திரி வெட்டும் மாடத்திக்கு மருமகளாக இருந்தவள் இன்னொரு வழியில் தம்பி மகளாகவும் இருந்தாள். பாதியும் காலும் அரைக்காலும் சேர்ந்து சில பேருக்குச் சொந்தம் ஒன்றுக்கு மேலே போய்விடும் போலிருந்தது. இதற்குள் சார் மாப்பிள்ளை பார்க்கிறார் என்று செய்தி பரவிவிட்டது. அவர் மேஜையில் பதினேழு ஜாதகங்கள் வந்து சேர்ந்தன. பாவம், அதையும் ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

ஒரு பங்குனி மாதம் அண்ணாச்சிக்கு ஒரு வெற்றி கிடைத்தது. கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைக் குயில் ஒன்று தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. குயில் குஞ்சு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, எட்டுக் குருவியும் முறை போட்டு ஊட்டின. அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு காட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"அது இதுக பிள்ளையே இல்லையேய்யா! அதுக்கும் ஊட்டுதே, என்ன சொல்லுதீக?"

"ஏமாந்துருச்சுக அண்ணாச்சி."

"ஏமாந்தாலும் ஊட்டுனது ஊட்டுனதுதான?"

குருவி சார் நோட்டை மூடிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகப் போன விஷயம் ஒரு நாள் விளையாட்டாக இல்லாமல் போனது. அந்த வட்டாரத்திலேயே வேறொரு இடத்தில் ஒரு ரூம் வெடித்தது. உள்ளே இருந்த நாலு பேரும் ஒரே வீடு. தாய், இரண்டு மகள்கள், ஒரு மருமகள். எங்கள் பக்கத்தில் வழக்கமே அப்படித்தான். ஒரு வீட்டு ஆட்களை ஒரே ரூமில் உட்கார வைப்பார்கள். பேசிக்கொண்டே வேலை ஓடும், தாய் மகளைக் கண்டித்துக்கொள்வாள், முதலாளிக்கும் சௌகரியம். அதில் யாரும் ஒரு தப்பும் பார்த்ததில்லை. குருவி சார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சொந்தக் கோடு போட்ட தாளை அண்ணாச்சி மேஜையில் விரித்தார்.

"பிரிச்சு வைங்க அண்ணாச்சி. ஒரு ரூம் போனா ஒரு வீடே அழிஞ்சு போகக் கூடாது. எல்லா ரூம்லயும் எல்லா வீட்டு ஆளும் இருக்கட்டும். ஒரு ரூம்ல நெருப்புன்னா எல்லாரும் கத்துவாக. ஏன்னா எல்லாருக்கும் அங்கன ஒரு பங்கு இருக்கும்."

அண்ணாச்சி அந்தத் தாளில் கோடு கோடாக விரலை ஓட்டினார். அன்றைக்கு எதிர்வாதம் செய்யவில்லை. சரி என்றார்.

மருமகள்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். மாமியாரிடமிருந்து பகல் முழுக்க விடுதலை என்றால் யாருக்குக் கசக்கும்? எதிர்த்தவள் பேச்சியம்மாள் ஒருத்திதான். சங்குச்சக்கரத்துக்குத் திரி ஒட்டுகிறவள். புருஷன் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாண வயதில் செல்வி என்று ஒரே மகள். பேச்சிக்கு இரண்டாம் நம்பர் ரூம், செல்விக்கு அந்தக் கோடியில் ஒன்பதாம் நம்பர்.

"எம்பிள்ள எங்கன இருக்கு, என்ன செய்யிதுன்னு தெரியாம எனக்கு எப்படி சார் கை ஓடும்?"

"உன் நல்லதுக்குத்தான் பேச்சி."

"நெருப்புன்னா நான் மரத்துக்கா ஓடுவேன்? அவகிட்டல்லா ஓடுவேன்."

நெருப்பைக் கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கேட்டுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்துக்கு ஓட வேண்டும் என்பது சட்டம். பேச்சி சொன்னதைக் குருவி சார் நோட்டில் எழுதிக்கொண்டார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை. குருவியின் ரத்தத்தில் அரைக்கால் பங்கைக் கண்டுபிடித்தவருக்கு, ஒரு தாய் எந்தத் திசையில் ஓடுவாள் என்பது தெரியாமல் போயிற்று. இதை இன்றைக்கும் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

புரட்டாசி மாதம், சீசன் உச்சம். மத்தியானம் மூன்று மணி வெயில். ஐந்தாம் நம்பர் ரூம் முன்னால், காய வைத்திருந்த மேடையில் பற்றிக்கொண்டது. நூற்றுக்கணக்கான சங்குச்சக்கரங்கள் நெருப்பைக் கக்கியபடி தரையெல்லாம் சுற்றி வந்தன. ஐந்தாம் நம்பருக்குள் மருந்து அடைத்த பெட்டிகள் இருந்தன. அதில் ஒரு சக்கரம் நுழைந்தால் போதும்.

நான் ஓடினேன். வேப்பமரத்தடிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன் நான்தான். இத்தனை வருஷம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் வரவில்லை.

நாற்பது பேரும் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நம்பர் ஒன்பதுக்கு ஓடியது, ஒன்பது நாலுக்கு ஓடியது, நாலு ஏழுக்கு ஓடியது. தாய் மகளைத் தேடி, அக்கா தங்கையைத் தேடி, புகைக்குள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, ஐந்தாம் நம்பரைச் சுற்றிச் சுற்றியே வந்தார்கள். விடுதலை கொண்டாடிய மருமகள்கள் மாமியார் பெயரைச் சொல்லிக் கதறினார்கள்.

அப்போதுதான் குருவி சார் தண்ணீர்த் தொட்டியின் சுவர்மேல் ஏறி நின்றார். ஐந்தாம் நம்பருக்கு இருபதடி தூரம் இருக்காது. அவருக்குச் சாதாரணமாகவே கீச்சுக் குரல். அன்றைக்கு அது சாலையில் போன லாரிக்காரன் வரைக்கும் கேட்டதாம்.

"பேச்சி! செல்வி வெளிய போயிட்டா! மரத்துக்கு ஓடு!"

"மாடத்தி! உன் மருமக மரத்தடில நிக்கா! திரும்பு, திரும்பு!"

"ராமக்கா! உன் தங்கச்சி அப்பவே போயாச்சு!"

ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி, அவளுக்கு யார் வேண்டுமோ அந்த ஆளின் பெயர் சொல்லி, ஒன்றுகூடப் பிசகாமல் கத்தினார். அந்தக் கோடு போட்ட தாள் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. பெயரைக் கேட்டவள் நின்றாள், திரும்பினாள், கேட்டைப் பார்த்து ஓடினாள். கடைசிப் பெண் வெளியே வரும்போது ஐந்தாம் நம்பர் வெடித்துக் கூரை மேலே போனது. குருவி சாரைக் காணவில்லை.

அதிர்ச்சியில் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே விழுந்திருந்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. சொட்டச் சொட்ட மரத்தடிக்கு நடந்து வந்தார். இரண்டு பெண்களுக்குக் காலில் நெருப்புக் காயம், அவ்வளவுதான். மற்ற எல்லோரும் முழுசாக நின்றார்கள். செல்வியும் நின்றாள். பார்வையாலேயே எண்ணிக்கொண்டு வந்தவர் என்னிடம் வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீகளா? உங்களத் தேடி உள்ள யாருமே ஓடல. அதான் உங்க பேரச் சொல்லிக் கத்த எனக்கு வழியில்லாமப் போச்சு."

என் தோள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன். நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. வலது காதில் ஒரு வாரம் இரைச்சல், இடது காது அன்றோடு போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, காதுக் கட்டோடு வந்தவரிடம் அண்ணாச்சி டீ டம்ளரை நீட்டினார். "நாப்பது பேருல உமக்கு யாருய்யா சொந்தம்? காலா, அரைக்காலா?" கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அதில் கேலி இல்லை. குருவி சார் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்தார். அண்ணாச்சி அதைப் பிரிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டீ ஆறுது" என்றார்.

அதன்பின் குருவி சார் ஜன்னலைச் சாத்திவிட்டார். குருவிகளைப் பார்ப்பதில்லை. பேச்சி எதிரே வந்தால் பாதை மாறிப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேன்.

"நான் ஒருத்தரையும் பாக்கலய்யா," என்றார். "அங்கன நின்னா ஒம்பதாம் நம்பரே தெரியாது. செல்வி உள்ள இருந்தாளா, வெளிய போனாளா, எனக்கு என்ன தெரியும்? அம்புட்டும் பொய். அவ உள்ள இருந்து செத்திருந்தா, பெத்தவளத் திருப்பி அனுப்புன பாவி நான்தான? பிரிச்சு வச்சதும் நான்தான?"

நான் டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சி அவரை விடவில்லை. முதலில் அண்ணாச்சியிடம் போய், "பிரிச்சே வைங்க, ஆனா கண்ணுல படுற மாதிரி வைங்க" என்று சொல்லி, தாயும் மகளும் எதிர் எதிர் ரூம்களில், வாசலுக்கு வாசல் தெரியும்படி உட்காரும் ஏற்பாட்டை வாங்கினாள். எங்கள் கம்பெனியில் கடைசிவரை அதுதான் வழக்கமாக இருந்தது. பிறகு மார்கழி முடியும் சமயம், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு குருவி சார் அறை வாசலில் வந்து நின்றாள். பாதை மாறிப் போக அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

"செல்விக்குத் தையில கல்யாணம் சார். எனக்குக் கூடப் பெறந்தவுக யாரும் இல்ல. நீங்கதான் தாய்மாமனா நின்னு அவளுக்கு மால போட்டு, கையப் பிடிச்சு மணையில உக்கார வைக்கணும்."

குருவி சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நானா? தாய்மாமன்னா கால் பங்கு ரத்தம் வேணும் பேச்சி. எனக்கு வீசம்கூடக் கிடையாது. அதோட... நான் உங்கிட்டப் பொய் சொன்னேன். அன்னைக்கு நான் செல்வியப் பாக்கவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"மறுநாளே அந்தத் தொட்டி மேல ஏறி நின்னு பாத்தேன். ஒம்பதாம் நம்பரு தெரியல." தட்டை மேஜையில் வைத்தாள். "பாத்துட்டுத்தான சார் வெத்தல பாக்கு வாங்குனேன்."

குருவி சார் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

தை மாதக் கல்யாணத்தில், போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பட்டுக்கரை வேட்டி கட்டி வந்து தாய்மாமனாக நின்றார். மாலையைத் தலைகீழாகப் போட்டுத் திருப்பிப் போட்டார். பந்தியில் அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணாச்சி. பேச்சி பாயச வாளியோடு வந்து, மற்றவர்களுக்கு ஒரு கரண்டி, அவருக்கு மூன்று கரண்டி ஊற்றினாள்.

குருவி சார் அண்ணாச்சி பக்கம் சாய்ந்தார். "நான் குயில் குஞ்சு அண்ணாச்சி. இவுகல்லாம் ஏமாறுறாக."

"இருந்துட்டுப் போகட்டும். வாயத் தொறங்க."

அந்த வெளிநாட்டுச் சண்டை இன்னும் தீரவில்லை என்று கேள்வி. குருவி சார் கடைசிவரை புதுக் கட்சியிலேயேதான் இருந்தார். நோட்டில் அந்தப் புரட்டாசி நாளுக்கு நேரே, 'காவல்: ஒருவர். சொந்தம்: இல்லை. காரணம்:' என்று எழுதி, அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பந்தியில் நான் ஏதோ சொல்ல, அவர் கழுத்தை முழுசாகத் திருப்பி, "என்ன, என்ன?" என்று கேட்டார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவர் இருந்தவரை, பந்தியானாலும் பஸ்ஸானாலும், நான் அவருக்கு வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.